மாற்று மூட்டில் வலி வந்தால் படம் எடுக்கத் தெரிந்த இடம்: தில்லைநகர் ஸ்கேன் சென்டர் அனுபவம்

முழங்கால் மூட்டு மாற்றிச் சில வருஷம் ஆன பிறகு அதே காலில் வலி வருகிறவர்களுக்குத் திருச்சி தில்லைநகரில் இருக்கிற இந்த சென்டரைத் தயங்காமல் சொல்வேன். சாதாரண மூட்டுவலிக்கு எங்கே வேண்டுமானாலும் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளலாம். உள்ளே உலோகம் வைத்த முழங்காலுக்கு அது போதாது. எடுக்கிறவருக்கும் பார்க்கிறவருக்கும் அந்த வேலை பிடிபட்டிருக்க வேண்டும். இங்கே இருக்கிறவர்களுக்குப் பிடிபட்டிருக்கிறது.

அப்பாவுக்கு வயது 71. திருச்சி பெல் பாய்லர் பிளாண்டில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வலது முழங்காலை 2019-ல் மாற்றினோம். அதற்கப்புறம் நன்றாகவே இருந்தார். காலையில் எழுந்து எறும்பீஸ்வரர் மலை அடிவாரம் வரை நடந்து, டீ குடித்துவிட்டு வருவார். போன வருஷத்திலிருந்துதான் ஒரு வலி. உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலைந்து அடி சுரீரென்கிறது, நடக்க நடக்கக் கொஞ்சம் அடங்கிவிடுகிறது. ராத்திரி படுத்தால் வலி இல்லை. காய்ச்சலும் இல்லை. ஆனால் அடிவாரம் வரை போகிற நடை தெருமுனையோடு நின்றுவிட்டது.

வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் முதலில் எக்ஸ்ரே எடுத்தோம். படுக்க வைத்து முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ரிப்போர்ட்டில் இம்ப்ளான்ட், அதாவது உள்ளே வைத்த செயற்கை மூட்டு, சரியான இடத்தில் இருக்கிறது என்று ஒரே வரி. அதை நம்பித் தைலமும் மாத்திரையுமாகக் கொஞ்ச காலம் போனது. வலி குறையவில்லை என்றதும் அங்கிருந்த டாக்டர் எம்ஆர்ஐ எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடுதான் தில்லைநகருக்கு வந்தோம்.

கவுன்ட்டரில் இருந்த பெண் சீட்டை வாங்கி உடனே பில் போட்டிருக்கலாம். எம்ஆர்ஐக்குத்தான் காசும் அதிகம். அவர் ஒரு படிவத்தை எடுத்து ஒவ்வொரு கேள்வியாக அப்பாவிடமே கேட்டார். பேஸ்மேக்கர் இருக்கிறதா, தலையில் கிளிப் இருக்கிறதா என்பதெல்லாம் எல்லா இடத்திலும் கேட்பதுதான். அடுத்து, “ஐயா, வெல்டிங், கிரைண்டிங், லேத் வேலை எதுவும் பார்த்திருக்கீங்களா?” என்றார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “முப்பது வருஷத்துக்கு மேல அதுதாம்மா வேலை.” கண்ணில் எப்போதாவது தூள் விழுந்து எடுத்திருக்கிறதா என்று கேட்டு அதையும் குறித்துக்கொண்டார். எம்ஆர்ஐ பெரிய காந்தம். கண்ணுக்குள் பழைய இரும்புத் துகள் தங்கியிருந்தால் அந்தக் காந்தத்தில் அது நகர்ந்து கண்ணைக் கெடுத்துவிடும். அதனால் இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குச் சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்களாம். பெல்லிலும் பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலும் வேலை பார்த்தவர்கள் நிறைந்த ஊர் இது. இந்தக் கேள்வியை எல்லா சென்டரிலும் கேட்க வேண்டும்.

படிவம் முடிந்ததும் ரேடியாலஜி டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். ஐம்பது வயதுக்குள் இருக்கிற பெண்மணி. அப்பாவை அறைக்குள் நடந்து காட்டச் சொன்னார். வலி எழுந்ததும் வருகிறதா, படுத்திருக்கும்போதும் இருக்கிறதா, மாடி இறங்கும்போது முட்டிச்சில்லில் டொக்கென்று ஏதாவது தட்டுகிறதா என்று விசாரித்தார். ஆபரேஷன் முடிந்த கையோடு எடுத்த பழைய ஃபிலிம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அப்பா எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாதவர். 2019 ஃபிலிம், டிஸ்சார்ஜ் சம்மரி, இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் ஒட்டிய தாள், பில் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருந்தன. மூட்டு இம்ப்ளான்ட்டுக்கு அரசு 2017 ஆகஸ்டில் உச்ச விலை வைத்தபோது கோபால்ட் குரோமியம் என்கிற உலோகக் கலவையில் செய்த மூட்டுக்கு 54,720 ரூபாய் என்று நிர்ணயித்தார்களே, ஜிஎஸ்டி தனி, அந்த விலைகூட பில்லில் அப்படியே இருந்தது. டாக்டர் ஸ்டிக்கரைப் பார்த்து எந்த மாடல், எந்த உலோகம் என்று எழுதிக்கொண்டார். அப்புறம் எங்கள் எதிரிலேயே சீட்டு எழுதிய டாக்டருக்குப் போன் போட்டார்.

ரேடியாலஜி டாக்டர் எங்களிடம் சொன்னதன் சாரம் இதுதான். மூட்டுக்குள் இருக்கிற உலோகத்தால் எம்ஆர்ஐ எடுப்பதில் பொதுவாக ஆபத்து இல்லை. ஆனால் கோபால்ட் குரோமியம் தன்னைச் சுற்றிப் படத்தைக் கலைத்துவிடும். எதைப் பார்க்க வேண்டுமோ அந்த இடமே கறுப்பாகிப்போகும். அதைக் குறைக்கத் தனி முறைகள் உண்டு, அதற்கும் காந்தத்தின் வலிமை 3 டெஸ்லா உள்ள மெஷினை விட 1.5 டெஸ்லா மெஷின்தான் நல்லது. தசைநார், சவ்வு, மூட்டைச் சுற்றிய வீக்கம் இவற்றைப் பார்க்க அது உதவும். அப்பாவின் வலியைக் கேட்டால் முதல் சந்தேகம் வேறு: எலும்போடு ஒட்ட வைத்த தட்டு இன்னும் ஒட்டியிருக்கிறதா, விட்டுவிட்டதா? அதற்குப் பதில் சொல்ல முதலில் வேண்டியது ஒழுங்காக எடுத்த எக்ஸ்ரே. “எம்ஆர்ஐ தேவைப்பட்டா அப்புறம் எடுத்துக்கலாம், இப்ப வேண்டாம்” என்று சீட்டை மடித்து எங்களிடமே கொடுத்துவிட்டார். பெரிய பில்லைத் தானாகவே விட்டுக்கொடுத்த இடம் என்பதற்காகவே ஒரு நட்சத்திரம் தரலாம்.

எக்ஸ்ரே அறையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் இந்த விமர்சனம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

டெக்னீஷியன் முப்பது வயதுக்குள் இருக்கும் தம்பி. மார்பில் டிஎல்டி பேட்ஜ் குத்தியிருந்தார், தன் மேல் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அளக்கிற பேட்ஜ். அப்பாவின் கண் முதலில் அங்கேதான் போனது. “இதை மூணு மாசத்துக்கு ஒரு தடவை அனுப்பிடுறீங்களா தம்பி?” என்றார். “கரெக்டா அனுப்பிடுவோம் ஐயா. உங்களுக்கு எப்படித் தெரியும்?” அப்பா வெல்டிங் கதையை ஆரம்பித்துவிட்டார். சுவரில் எக்ஸ்ரே மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் (ஏஇஆர்பி) தருகிற லைசென்ஸ் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கிறது. அதையும் தேதி வரை படித்துப் பார்த்தார்.

அப்பாவைப் படுக்க வைக்கவில்லை. கைப்பிடி வைத்த அகலமான மேடை மேல் நிற்க வைத்தார்கள். உடம்பின் எடை மூட்டில் இறங்கும்போதுதான் தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை முழுக்காலும் தெரிகிற நீளப் படம் ஒன்று, நின்றபடி முழங்காலுக்கு முன்பக்கம், பக்கவாட்டு, முட்டிச்சில்லுக்குத் தனியாக மடக்கி ஒன்று. முன்பக்கப் படம் திரையில் வந்ததும் டெக்னீஷியன் உதட்டைப் பிதுக்கினார். கீழ்த் தட்டு, அதாவது காலெலும்பின் தலையில் வைத்த உலோகத் தட்டு, படத்தில் மெல்லிய முட்டை வடிவமாகத் தெரிந்தது. “இது ஒரே கோடாத் தெரியணும் ஐயா. இப்படி விரிஞ்சு தெரிஞ்சா அடியில இருக்கறதை மறைச்சிடும்.” டியூபை ஒரு நூல் சாய்த்து, பிடித்துப் பார்த்து, மறுபடி எடுத்தார். இப்போது தட்டு ஒரே கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே, உள்பக்கத்தில், இன்னொரு கறுத்த கோடு.

திரைக்குப் பக்கத்தில் போய் நின்ற அப்பா, யாரும் சொல்வதற்கு முன்பே, “லாக் ஆஃப் ஃப்யூஷன்” என்றார். பாய்லர் டியூப் வெல்டிங்கில் உலோகம் உலோகத்தோடு சேராமல் விட்டுப்போன இடம் எக்ஸ்ரே ஃபிலிமில் இப்படித்தான் கறுப்புக் கோடாக விழுமாம். கதிர் அந்த இடைவெளியோடு நேராகப் போனால் கோடு தெரியும், சாய்ந்து போனால் நல்ல ஜாயிண்ட் போலவே தெரிந்துவிடும். “பீம் ஆங்கிள் தப்பா இருந்தா கெட்ட ஜாயிண்டும் பாஸ் ஆயிடும் தம்பி, இதே கதைதான்” என்று டெக்னீஷியனின் தோளைத் தட்டினார். தன் முழங்காலில் குறை இருக்கிறது என்று கேட்டு யாராவது முகம் தெளிவார்களா? அப்பா தெளிந்தார். இத்தனை மாதமாக வலிக்கிறது என்று சொன்னதற்கு இப்போதுதான் ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது.

திரும்ப எடுத்தால் கதிர்வீச்சு ஏறாதா என்று நான் கேட்டேன். முழங்கால் எக்ஸ்ரேயில் உடம்புக்குப் போவது மிகச் சொற்பம், நெஞ்சு எக்ஸ்ரேயை விடவும் குறைவு என்று விளக்கினார்கள்.

டாக்டர் அறையில் 2019 ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, புதுப் படத்தைப் பக்கத்துத் திரையில் வைத்துக் காட்டினார். பழையதில் தட்டுக்கும் அதை ஒட்டிய சிமென்ட்டுக்கும் எலும்புக்கும் நடுவில் எந்த இடைவெளியும் இல்லை. புதியதில் உள்பக்கம் 3 மில்லிமீட்டர். தட்டும் உள்பக்கமாகக் கொஞ்சம் இறங்கிச் சாய்ந்திருக்கிறது. இங்கே ஒரு விஷயத்தை அவர் அழுத்திச் சொன்னார். மாற்று மூட்டைச் சுற்றி மெல்லிய கோடுகள் தெரிவது சகஜம். 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக, வருஷம் போனாலும் மாறாமல் இருந்தால் பொதுவாகப் பயப்பட வேண்டியதில்லை. அகலமாகிக்கொண்டே போகிற கோடுதான் சிக்கல். அது வளர்கிறதா என்று சொல்லப் பழைய படம் இல்லாமல் முடியாது. அதனால் உங்கள் வீட்டில் யாருக்காவது மூட்டு மாற்றியிருந்தால், அந்த முதல் ஃபிலிமை நகைபோலப் பத்திரப்படுத்துங்கள்.

நாங்கள் அங்கே காத்திருந்தபோது நடந்த இன்னொன்று. துறையூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்தார்கள். மூட்டு மாற்றி இரண்டு வாரம்கூட ஆகவில்லையாம். கெண்டைக்கால் வீங்கிச் சிவந்திருந்தது. டோக்கன் எங்களுக்கு முன்னால் பலர் கையில் இருந்தது. கவுன்ட்டர் பெண் எழுந்து வந்து காலைப் பார்த்தார், நேரே டாப்ளர் அறைக்கு, அதாவது ரத்த ஓட்டத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கிற அறைக்கு, அனுப்பிவிட்டார். ரத்தக்குழாயில் உறைக்கட்டி இருந்தால் அது நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் இந்தப் பயம் உண்டு. காத்திருந்தவர்களில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை, ஏனென்றால் ஏன் முதலில் அனுப்புகிறோம் என்று அந்தப் பெண் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் அனுப்பினார். இப்படி ஒரு வார்த்தை சொல்ல எத்தனை இடங்களில் தெரிகிறது?

அப்பாவுக்கு அடுத்து சிடி ஸ்கேன். தட்டு கழன்றிருப்பது எக்ஸ்ரேயிலேயே தெரிந்த பிறகு எதற்கு என்றால், தட்டுக்கு அடியில் எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எக்ஸ்ரே முழுதாகக் காட்டாது. மூட்டுக்கு நடுவில் இருக்கிற பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது, வெறும் இடைவெளியாகத்தான் விழும். அது தேய்ந்து உதிர்கிற நுண்துகளை அழிக்க உடம்பு கிளம்பும்போது, கூடவே பக்கத்து எலும்பும் அரித்துப்போகிறது. அந்தக் குழிகளின் அளவை சிடி நன்றாகக் காட்டும். மறு ஆபரேஷன் செய்கிற சர்ஜனுக்கு அந்த அளவு தெரிந்தால்தான் எவ்வளவு எலும்பு நிரப்ப வேண்டும், எவ்வளவு நீளத் தண்டு வைத்த தட்டு வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்ய முடியும். தொடையெலும்பில் மாட்டிய மேல் பாகம் சரியான கோணத்தில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் சிடியில்தான் அளந்தார்கள். அது சரியாகவே இருந்தது. சிடியிலும் உலோகத்திலிருந்து வெள்ளைக் கீற்றுகள் சிதறும். அதைக் குறைக்கிற மென்பொருள் இவர்களிடம் இருக்கிறது. போட்டது, போடாதது இரண்டையும் எங்களுக்குத் திரையில் காட்டினார்கள். வித்தியாசம் என் கண்ணுக்கே தெரிந்தது. வேறு எங்கே சிடி எடுத்தாலும் இந்த மென்பொருள் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

ஊசியில் மருந்து ஏற்றி எலும்பைப் படம் எடுக்கிற ‘போன் ஸ்கேன்’ வேண்டுமா என்று நான் கேட்டேன், தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருந்ததால். ஆபரேஷன் ஆன முதல் ஒரு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும், சிக்கலே இல்லாத மூட்டும் அதில் பிரகாசமாகத் தெரியும், அதனால் சீக்கிரம் எடுத்தால் குழப்பம்தான் என்றார் டாக்டர். அப்பாவுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. ஆனாலும் விடை கையில் இருக்கும்போது இன்னொரு ஊசி எதற்கு என்று வேண்டாம் என்றுவிட்டார்.

இவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனது கிருமித்தொற்று விஷயத்தில். தட்டு கழன்றதற்குத் தேய்மானம் மட்டும் காரணமா, உள்ளே கிருமி இருக்கிறதா என்பதை எந்தப் படமும் உறுதியாகச் சொல்லாது. ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனையும், மூட்டுநீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பதும்தான் சொல்லும். முந்தைய டாக்டர் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று ஆன்டிபயாட்டிக். அதைச் சீட்டில் பார்த்ததும், “இது உள்ள இருக்கும்போது நீர் எடுத்தா கிருமி இருந்தாலும் வளராது. சர்ஜன் சரின்னு சொன்னா நிறுத்திட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க” என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றே எடுத்திருந்தால் அவர்களுக்கு வருமானம், எங்களுக்கு ஒன்றுக்கும் உதவாத ரிப்போர்ட். சர்ஜனைக் கேட்டு நிறுத்திவிட்டுப் போனோம். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே டாக்டர் நீரை எடுத்தார். அப்பா முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. கல்ச்சரை, அதாவது நீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற சோதனையை, 14 நாள் வரை வைத்துப் பார்க்க வேண்டும் என்று லேபுக்குப் போகிற சீட்டில் அவரே எழுதினார், சில கிருமிகள் மெதுவாகத்தான் வளருமாம். கடைசியில் எதுவும் வளரவில்லை.

ரிப்போர்ட் இரண்டு பக்கம். பழைய படத்தின் தேதி, இப்போதைய அளவு, எந்தப் பக்கம், எந்தக் கோணம், சிடியில் தெரிந்த குழிகளின் நீள அகலம் எல்லாம் இருந்தது. நாங்கள் பார்த்த சர்ஜன் அதைப் படித்துவிட்டு மேற்கொண்டு ஒரு ஸ்கேன்கூட எழுதவில்லை.

இனி குறைகள். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் மட்டும்தான். டாக்டர் வாயால் இவ்வளவு அழகாகத் தமிழில் விளக்குகிறார், கடைசியில் நாலு வரி தமிழிலும் அச்சடித்துக் கொடுத்தால் பெரியவர்கள் வீட்டில் மறுபடி படித்துக்கொள்வார்கள். எக்ஸ்ரே அறை முதல் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் குறுகல், சக்கர நாற்காலியைப் பின்பக்கமாகத்தான் உள்ளே இழுக்க வேண்டும். மூட்டு நோயாளிகள் வருகிற இடத்தில் கழிவறையில் பிடிமானக் கம்பி இல்லாதது சின்னக் குறை இல்லை, உடனே போட வேண்டும். உடை மாற்றுகிற மறைப்புக்குள் ஒரு நாற்காலி வேண்டும். அப்பா வேட்டியில் போனதால் பிழைத்தோம், பேன்ட் போட்டவர்கள் ஒற்றைக்காலில் தடுமாறுகிறார்கள். படங்களைக் கம்ப்யூட்டர் டிஸ்க்கில் (CD) போட்டுக் கொடுக்கிறார்கள், சர்ஜனின் கம்ப்யூட்டரில் அதைப் போடவே வழியில்லை. வாட்ஸ்அப்பில் லிங்க்கும் அனுப்புகிறார்கள், ஆனால் அது சில நாளில் காலாவதியாகிவிடும், வந்த உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கிங் பற்றித் தில்லைநகர் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோவில் போவது உத்தமம்.

எக்ஸ்ரே ஒரு படத்துக்கு 400 ரூபாய், முழுக்கால் நீளப் படம் 900, சிடி ஸ்கேன் 4,500. பக்கத்துத் தெருவில் இதைவிடக் குறைவாகவும் கிடைக்கும். திரும்ப எடுத்த படத்துக்குக் காசு வாங்கவில்லை.

போகிறவர்கள் காலை நேரத்தில், வார நாளில் போங்கள், அப்போதுதான் அந்த டாக்டர் இருப்பார். போனில் நேரம் கேட்கும்போதே “மாற்று மூட்டு, நின்றபடி எடுக்க வேண்டும்” என்று சொல்லிவிடுங்கள், அந்த அறையை ஒதுக்கி வைப்பார்கள். பழைய ஃபிலிம், இம்ப்ளான்ட் ஸ்டிக்கர், சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும்.

ஐந்துக்கு நாலரை. கழிவறையில் கம்பி போட்டதும் மீதி அரையையும் கொடுத்துவிடுகிறேன். அப்பாவின் மறு ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. புதுத் தட்டு வைத்த பிறகு எடுக்கிற முதல் எக்ஸ்ரேயை இதே சென்டரில், இதே மாதிரி தட்டு ஒரே கோடாகத் தெரிகிறபடி எடுத்து வரச் சொல்லியிருக்கிறார் சர்ஜன்.